தர்ஸ்டன் வீதியும் 102ஆம் இலக்க பஸ்ஸும்

கொட்டாஞ்சேனையில் புறப்படும் 102ஆம் இலக்க பஸ் காலி வீதி வழியாக வெள்ளவத்தையைத் தொட்டுக்கொண்டு மொறட்டுவைக்குப் போகும். 1970களின் முற்பகுதியில், சனிக்கிழமைக் காலைகளில், அந்தப் பஸ்தான் எனக்குப் பல்கலைக்கழகத்துக்கான வாசலாக இருந்தது. வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதிய என் அப்பாவுக்கு அவரை யாரோ அறிமுகம் செய்துவைத்திருந்தார்கள். வீட்டின் முன்விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை, உப்புக்காற்றில் துருவேறிய யன்னல் கம்பிகள், உள்ளே கூரை வரைக்கும் புத்தகங்கள். இரவல் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால் நீல மட்டை போட்ட கொப்பியில் பெயரும் திகதியும் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அடுத்த கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரேயொரு கேள்விதான் கேட்பார்: “எந்த இடத்தில நிண்டு யோசிச்சனீர், தம்பி?”

வாசித்தாயா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டுமென்றே நான் சில பக்கங்களை இரண்டு தரம் வாசித்ததுண்டு.

பல்கலைக்கழகத்தை அவர் கடைசிவரை ‘கொலிஜ்’ என்றே சொன்னார். அவர் படித்த நாளில் அது இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி. லண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்காக மாணவர்களைத் தயார் செய்த இடம். நாங்கள் அதைக் ‘கம்பஸ்’ என்றோம். 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒவ்வொன்றையும் வளாகம் என்று பெயரிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் அந்த ஏற்பாடு ஒழிந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொழும்பு மறுபடி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சொல் மட்டும் ஒழியவில்லை. இன்றைய பிள்ளைகளும் “கம்பஸுக்குப் போறன்” என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் ‘கொலிஜ்’ 1921 ஜனவரியில் தர்ஸ்டன் வீதியில் ஒரு மாளிகையில் தொடங்கியது. அதற்குப் பின்னால் பதினைந்து வருட வேண்டுகோள் இருந்தது. 1906இல் இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் தொடங்கியவர்களில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மாளிகையைக் கொலிஜ் ஹவுஸ் என்று அழைத்தார்கள். இன்றும் அது நிற்கிறது; நிர்வாக அலுவலகங்கள் அங்கேதான். வீதியின் பெயர் குமாரதுங்க முனிதாச மாவத்தை என்று மாறிவிட்டது. பக்கத்தில் குதிரைகள் ஓடிய பந்தயத் திடலில் இப்போது குதிரைகள் இல்லை.

1942 ஜூலை 1ஆம் திகதி அந்தக் கல்லூரியும் 1870இலிருந்து இயங்கிய மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆகின. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். மாணவர் 904 பேர், ஆசிரியர் 55 பேர். நாடு முழுவதற்கும் அதுதான் ஒரே பல்கலைக்கழகம். இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 பல்கலைக்கழகங்கள் உள்ளன. கொழும்பில் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் படிக்கிறார்கள்.

904 பேர் என்றால் ஒருவரையொருவர் முகத்தால் அறிந்த கூட்டம். ஆசிரியர்கள் 55 பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகளைத்தான் எங்கள் விரிவுரையாளர் விறாந்தையில் சொல்வார்.

கணிதத்துறையின் முதல் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டில் படித்தவர், இந்திய சிவில் சேவைக்குத் தெரிவாகியும் அதை விட்டு வந்தவர். பிற்காலத்தில் வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினர், சுதந்திர இலங்கையின் முதல் வர்த்தக அமைச்சர், ‘அடங்காத் தமிழர்’ என்று பெயரெடுத்தவர். பௌதிகத்தை நீண்ட காலம் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் நடத்தினார். ஆனால் எங்கள் விரிவுரையாளர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெயர் வேறு: கிறிஸ்ரி ஜெயரட்ணம் எலியேசர்.

எலியேசர் கொழும்புக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜுக்குப் போனவர். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் குவாண்டம் இயக்கவியலின் தந்தையருள் ஒருவரான டிராக். மின்னூட்டம் கொண்ட துகள் வேகம் மாறும்போது கதிர்வீச்சை உமிழும்; உமிழ்வதால் தன் சக்தியை இழக்கும். அந்த இழப்பையும் சேர்த்து இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். எலியேசர் அதை மிக எளிமையான நிலைமைக்குப் பொருத்திப் பார்த்தார். ஒரு இலத்திரன் ஒரு புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகிறது. ஒன்றையொன்று ஈர்ப்பதால் போய் மோத வேண்டும். சமன்பாட்டின் விடை வேறு சொன்னது: இலத்திரன் புரோத்தனை அடையாது, நடுவழியில் திரும்பி வெளியே ஓடிவிடும். ஆசானின் சமன்பாட்டில் எங்கோ ஆழமான இடைஞ்சல் இருக்கிறது என்பதை மாணவன் கணக்கால் காட்டிய இடம் அது. 1943இல் கேம்பிரிட்ஜ் சஞ்சிகையில் வந்த அந்தக் கட்டுரை கதிர்வீச்சின் எதிர்விசை பற்றிய ஆய்வுகளில் பிற்காலத்திலும் எடுத்தாளப்பட்டது. அதை எழுதியவர் 1949இல் கொழும்புக்குத் திரும்பி, தர்ஸ்டன் வீதியில் கரும்பலகையின் முன் நின்று, முதலாம் வருடப் பிள்ளைகளுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தார்.

உலகின் முன்வரிசை ஆய்வும் முதலாம் வருட வகுப்பும் ஒரே மனிதரிடம், ஒரே கட்டடத்தில் இருந்தன.

தமிழுக்கு வருவோம். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக சுவாமி விபுலாநந்தர் பொறுப்பேற்றார். காரைதீவில் 1892இல் பிறந்தவர். விஞ்ஞானப் பட்டதாரி, கணிதமும் பௌதிகமும் படிப்பித்தவர், பின்னர் இராமகிருஷ்ண மிஷனில் துறவியானவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. இரண்டு நாடுகளில் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்ற பெருமை அவருக்கு மட்டும் உரியது. பழந்தமிழரின் யாழை இலக்கியச் சான்றுகளிலிருந்தும் சுருதிக் கணக்கிலிருந்தும் மீட்டெடுத்த ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19இல், அவர் கொழும்பில் காலமானார். பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தது நான்கே வருடம். அந்த நான்கு வருடத்தில் ஒரு துறையின் அளவுகோலை நிறுத்திவிட்டுப் போனார். தமிழ் படிக்க வந்தவனுக்கு இசையும் கணிதமும் கல்வெட்டும் அந்நியமாக இருக்கக்கூடாது என்பதே அந்த அளவுகோல்.

அவருக்குப் பின் வந்த க. கணபதிப்பிள்ளை லண்டனில் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்தவர். அதே மனிதர் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதினார். பேராசிரியர் ஒருவர் சந்தையில் பேசுகிற தமிழை மேடைக்குக் கொண்டுவருவதா என்று அந்நாளில் முகம் சுளித்தவர்கள் உண்டு. வி. செல்வநாயகம் 1951இல் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ எழுதினார். சங்ககாலத்திலிருந்து ஐரோப்பியர் காலம் வரை அரசியல் பின்னணியோடு சேர்த்து இலக்கியத்தைப் பார்த்த அந்தச் சிறிய நூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் எடுத்த எவரும் அதைத் தொடாமல் வந்திருக்க முடியாது.

1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் போனது. மகாவலிக் கரையில் புதுக்கட்டடங்கள், மலைச்சாரல், மாணவர் விடுதிகள். அருணாசலத்தின் பெயரும் இராமநாதனின் பெயரும் விடுதிகளுக்கு வந்தன. தமிழ்த்துறையும் கூடவே போய்விட்டது. வெள்ளவத்தைக்கும் தமிழ்ப் பேராசிரியருக்கும் இடையில் அன்றைக்கே எழுபது மைல் விழுந்தது. ஆனாலும் பேராதனை கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1956 நவம்பரில், பேராதனையில் இருந்த எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் மேடையேறியது. சிங்கள நாட்டார் அரங்கிலிருந்து ஒரு நவீன நாடகம் பிறந்ததைத் தமிழ்த்துறை அருகிலிருந்தே பார்த்தது. சில வருடங்களில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவிமாரைத் தேடிப் போனார். விடிய விடிய ஆடிய கூத்தைச் செப்பனிட்டுப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒரே வளாகத்தில் ஒரு சிங்களப் பேராசிரியர் செய்ததைக் கண்டு ஒரு தமிழ்ப் பேராசிரியர் தன் மக்களின் கூத்தைக் கையிலெடுத்தார். அப்படி அருகருகே இருந்து ஒருவரையொருவர் பார்த்துச் செய்வதை இன்று நான் காணவில்லை. நான் இழப்பு என்று முதலில் எண்ணுவது இதைத்தான்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் கைலாசபதியும் சிவத்தம்பியும். கைலாசபதி கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தவர். தினகரன் ஆசிரியராக இருந்தவர். சிவத்தம்பி மருதானை ஸாகிறாக் கல்லூரியின் மாணவர். அவர் படித்த நாளில் அக்கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. எம். ஏ. அஸீஸும் தர்ஸ்டன் வீதிக் கல்லூரியின் பட்டதாரியே. கரவெட்டியிலிருந்து வந்த ஒரு சைவப் பிள்ளை முஸ்லிம் கல்லூரியில் படித்து, மார்க்சியம் கற்று, பேராதனைக்குப் போய், பேமிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பண்டைத் தமிழரின் நாடகத்தை ஆராய்ந்தார். கைலாசபதியின் வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வும் அதே தொம்சனிடம் செய்ததுதான். 1968இல் ஒக்ஸ்போர்ட் அதை நூலாக்கியது. கைலாசபதி 1982 டிசம்பரில் கொழும்பில் காலமானபோது வயது 49. சிவத்தம்பி 2011 ஜூலையில் தெகிவளையில் மறைந்தார். அவருடைய கடைசிக் காலத்தில் அவர் வீட்டுக்குப் போய் வந்த இளைஞர்களுக்கு வாய்த்தது எங்களுக்கு விறாந்தையில் வாய்த்தது போன்ற ஒன்றுதான். வெள்ளவத்தைப் பக்கத்தில் அப்படி ஒரு வீடு அதன் பின் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, போனவர்களின் கதை. ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே போதும்.

எலியேசர் 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; பின்னர் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப். ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா 1951இல் இங்கே பட்டம் பெற்று, கோர்னலில் கலாநிதியாகித் திரும்பி வந்து சமூகவியல் கற்பித்தவர். 1956இல் மாணவர்களோடு கல்லோயாவில் கள ஆய்வில் இருந்தபோது கலவரம் மூண்டது. 1960இல் தாய்லாந்துக்குப் போனார். பிறகு கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட். உலகம் அவரை மானிடவியலின் பெரும் பெயர்களில் ஒன்றாக அறிந்தது. கல்வித்துறையில் விரிவுரையாளராக இருந்த தனிநாயகம் அடிகள் 1961இல் மலாயாவுக்குப் போனார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாவதற்கு அவரே காரணமானவர். அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் 1972இல் கனடாவுக்குப் போனார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். ஆனால் 1956, 1958, 1972 என்ற ஆண்டுகளை இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மாணவர் பக்கத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. 1960களின் இறுதியில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் தமிழர். 1971இல் தரப்படுத்தல் வந்தது. நான்கு பாடங்களுக்கு 400 புள்ளிகள். மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழியில் எழுதிய பிள்ளைக்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. நான் பஸ்ஸில் போய்வந்த வருடங்கள் இவை. ஒருமுறை அந்த விறாந்தையில் என்னிலும் சில வயது மூத்த ஒரு அண்ணர் உட்கார்ந்திருந்தார். 240க்கு மேல் எடுத்திருந்தார். விரிவுரையாளர் அவருக்குப் புத்தகம் எதுவும் கொடுக்கவில்லை, தேத்தண்ணி கொடுத்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. நீலக் கொப்பி மேசையில் மூடியே கிடந்தது.

அந்த வழியில் வந்த கோபத்தின் நீண்ட கணக்கைப் பல நூல்கள் எழுதிவிட்டன. இங்கே நான் சொல்ல விரும்புவது பட்டியலில் எழுதப்படாமல் போன பெயர்களைப் பற்றி. பேர்பெற்ற பழைய மாணவர்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். கதவுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

உள்ளே போனவர்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1989 மார்ச் 8ஆம் திகதி கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர தம் அலுவலகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் திகதி, கொழும்பு மருத்துவ பீடத்தில் படித்து யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர் அவர். பத்து வருடம் கழித்து, 1999 ஜூலை 29இல், கொழும்புச் சட்டபீடத்தின் மாணவராயிருந்து ஹார்வர்டுக்குப் போய்த் திரும்பி வந்த நீலன் திருச்செல்வம் அலுவலகம் போகும் வழியில் கொல்லப்பட்டார். மூன்று பேரையும் கொன்ற கைகள் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை அல்ல. மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். திரும்பி வந்தவர்கள், போகாமல் நின்றவர்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இன்றைய நிலையை இருள் என்று எழுதுவது எளிது, அது உண்மையாகாது. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் தொடங்கியபோது கைலாசபதி அதன் முதல் தலைவர்; 1979இல் அது பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். அவருக்குப் பின் வந்தவர் அழகையா துரைராசா. கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பவர்களோடு சேர்ந்து 1963இல் களிமண்ணின் நெகிழ்வு பற்றி அவர் எழுதிய கட்டுரை மண்பொறியியல் மாணவர் எவரும் தாண்டிப் போக முடியாதது. அப்படிப்பட்டவர் போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டிக்காத்து 1994இல் மறைந்தார். கிழக்கில் வந்தாறுமூலையிலும் தென்கிழக்கில் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 2021இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விபுலாநந்தரின் பெயரில் கல்லடியில் அழகியல் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. அவருடைய ஊர்ப் பிள்ளைகள் இசையும் நடனமும் கற்பதற்குக் கொழும்புக்கு வர வேண்டியதில்லை. அன்று ஒரு பேராசிரியர் கதிரை இருந்தது, இன்று பல. இது பெரிய வரவு.

கொழும்பிலும் வரவு உண்டு. அன்றைய கல்லூரி ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரி. கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு அந்த வாசல் தெரிந்திருக்கக்கூட நியாயமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் வந்தன. ஒரு தலைமுறைக்குள் எங்கள் தெருவிலிருந்தே பட்டதாரிகள் வந்தார்கள். மலையகத்துப் பின்னணியிலிருந்து வந்த சோ. சந்திரசேகரன் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தின் பீடாதிபதியானார். கல்வியியலைத் தமிழில் எழுதிய ஒருவர் அந்தக் கதிரையில் இருந்ததை 1921இல் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டபீடத்தில் நீண்ட காலம் த. நடராஜா, நம் காலத்தில் பீடாதிபதியாக வி. ரி. தமிழ்மாறன். 1999இல் சாவித்திரி குணசேகர கொழும்பின் துணைவேந்தரானார். அங்கே முதல் பெண் துணைவேந்தர் அவர்தான். இன்று அரச பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மை. விரிவுரையாளரின் விறாந்தைக்கு நான் போன காலம் முழுவதும் அங்கே ஒரு பெண்பிள்ளை புத்தகம் வாங்க வந்து நான் காணவில்லை. இந்தக் கணக்கையும் நேர்மையாக வைக்கத்தான் வேண்டும்.

தெரிவும் மாறிவிட்டது. இப்போது மொழி கேட்கப்படுவதில்லை, முகவரி கேட்கப்படுகிறது. பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வெள்ளவத்தைத் தமிழ்ப் பிள்ளை, கொழும்பு மாவட்டத்துச் சிங்களப் பிள்ளையோடும் முஸ்லிம் பிள்ளையோடும் ஒரே இசட் புள்ளிக்காகப் போட்டியிடுகிறது. கொழும்பின் வெட்டுப்புள்ளி நாட்டின் உயர்ந்தவற்றுள் ஒன்று. வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளைக்கு, காசிருந்தால், தனியார் நிறுவனமோ வெளிநாடோ இருக்கிறது. காசில்லாத கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. எட்டிய பிள்ளையும் பட்டம் முடித்தபின் இங்கே நிற்பது உறுதியில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு இளம் விரிவுரையாளர்கள் கூட்டமாகப் போய்விட்டார்கள். மேற்படிப்புக்கு லீவு எடுத்துப் போனவர்களில் திரும்பாதவர் பலர். இந்தமுறை எல்லா இனத்தவரும் போகிறார்கள். 1959இல் எலியேசர் போனபோது ஒரு செய்தி இருந்தது. இன்று போகிறவருடைய பெயரைத் துறைக்கு வெளியே யாரும் அறிவதில்லை.

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை இருக்கிறது. வீடு இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் அது எரிந்தது. விரிவுரையாளரும் மனைவியும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தார்கள். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். நான் முகாமுக்குப் போய்ப் பார்த்தேன். சாரமும் யாரோ கொடுத்த சேர்ட்டும் உடுத்திருந்தார். புத்தகங்களைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடைபெறும்போது மட்டும், “உம்மட்ட ஒண்டு நிக்குதெல்லே?” என்றார். நின்றது. செல்வநாயகத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’. நான் திருப்பிக் கொடுக்கத் தவறியிருந்த ஒன்று. “வைச்சிரும்” என்றார். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் பொடியாக எழுதியிருக்கும். ஐரோப்பியர் கால அத்தியாயத்தில்தான் அதிகம். ஓரிடத்தில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் “விபுலாநந்தர் வேறுவிதம் சொன்னார்” என்று ஒரு வரி. என்ன சொன்னார் என்பது இல்லை. நான் இத்தனை வருடமும் நின்று யோசித்த இடம் அதுதான்.

வீடு இருந்த காணியில் இப்போது எட்டு மாடி. கீழே வாகனம் நிறுத்துகிறார்கள். அதற்கு மேலே உள்ள வீடுகளில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். பாதி வீடுகளின் சொந்தக்காரர் லண்டனிலும் ரொறன்ரோவிலும். பிள்ளைகள் பின்னேரம் ரியூசன் முடிந்து கைத்தொலைபேசியில் கேள்வித்தாளைப் பார்த்தபடி வருகிறார்கள். அதே ஒழுங்கைதான், அதே உப்புக்காற்றுத்தான். அவர்கள் என்னைவிடக் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்பதற்கு விறாந்தையில் ஒருவர் இல்லை, அவ்வளவே.

சில மாதங்களுக்கு முன் பக்கத்துத் தொடர்மாடியொன்றில் காலமான ஓர் ஆசிரியரின் வீட்டை ஒழித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை லீவுதான். மின்தூக்கியடியில் ஆறு பெட்டிகள் கட்டிவைத்திருந்தன: விரிவுரைக் குறிப்புகள், சங்க மலர்கள், கையெழுத்தில் ஒரு நாடகப் பிரதி. பழைய பேப்பர்காரர் தராசோடு வந்துவிட்டார். நான் அவருக்கு நிறுவைக்குரிய காசைக் கொடுத்துப் பெட்டிகளை வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, 57ஆவது ஒழுங்கைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். 1942இல் தொடங்கிய சங்கம் அது; பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் ஒரே வயது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருக்கலாம். அப்பாவோ பெரியம்மாவோ படித்த காலத்துக் குறிப்புக் கொப்பி, பேராசிரியர் கையொப்பமிட்ட ஆய்வேடு, ஓரத்தில் பென்சில் எழுத்துள்ள பாடநூல். கிலோக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். சங்கத்து நூலகம் இருக்கிறது. 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் வைக்கும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். செல்வநாயகத்தின் அந்தப் புத்தகத்தையும் நான் பெட்டிகளோடு கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.